80 கிலோவில் 56 கிலோ அப்பா கொடுத்ததா?

"உடல் எடையில் 70 சதவீதம் பரம்பரையாம்" என்று பெரியம்மா ஒரு நாள் செய்தித்தாளிலிருந்து சத்தமாக வாசித்தார். சித்தப்பா உடனே கணக்குப் போட்டார். "நான் 80 கிலோ. அப்போ அதுல 56 கிலோ எங்கப்பா கொடுத்தது. மிச்சம் 24 கிலோவுக்குத்தான் நான் பொறுப்பு." எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்தவர்களில் ஒருவராலும் அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று சொல்ல முடியவில்லை. அந்த 56 கிலோ உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

உடல் எடை பற்றிய பேச்சில் எப்போதும் இரண்டு கட்சி. "எல்லாம் உடல்வாகு, நம்ம கையில் ஒன்றும் இல்லை" என்பது ஒரு கட்சி. "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும், பரம்பரை என்பதெல்லாம் சாக்கு" என்பது இன்னொன்று. இருவருமே குடும்பத்தைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். "எங்கள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான்" என்பார் முதலாமவர். "ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் ஒல்லி, தம்பி குண்டு, அப்புறம் என்ன பரம்பரை?" என்பார் இரண்டாமவர். சிக்கல் என்னவென்றால், இரண்டு சாட்சிகளும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

## நூலா, தறியா?

பெற்றோர் பிள்ளைக்கு இரண்டு விஷயங்களைக் கொடுக்கிறார்கள். ஒன்று மரபணு. உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையில், இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று எழுதப்பட்டிருக்கும் ஒரு குறிப்பைத்தான் மரபணு என்கிறோம். மனிதருக்குச் சுமார் 20,000 குறிப்புகள் உண்டு. இன்னொன்று வீடு. அடுப்பில் என்ன வேகிறது, தட்டில் எவ்வளவு விழுகிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், சாயங்காலம் ஓடி விளையாடுகிறார்களா உட்கார்ந்தே இருக்கிறார்களா, இதெல்லாம் வீட்டுக் கணக்கு.

இரண்டும் ஒரே கையிலிருந்து வருவதால்தான் குழப்பம். குண்டான அப்பாவையும் குண்டான மகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறோம். சேலை அப்படி வந்ததற்கு நூல் காரணமா, நெய்த தறி காரணமா என்று பழமொழி சொல்வதில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நூல் ஒரு வீட்டுடையதாகவும் தறி இன்னொரு வீட்டுடையதாகவும் இருக்க வேண்டும். அதாவது, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் தத்தெடுப்புப் பதிவேடுகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிவேடுகளிலிருந்து, தத்துப் போய் வளர்ந்து பெரியவர்களான 540 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன், மிகப் பருமன் என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். பிறகு பெற்றவர்கள், வளர்த்தவர்கள் என இரு தரப்பின் பருமனோடும் ஒப்பிட்டார்கள்.

1986இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பிள்ளைகளின் பருமன் பெற்றவர்களின் பருமனோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பார்த்தே அறியாத பெற்றோர்! வளர்த்தவர்களின் பருமனோடு தொடர்பு எதுவும் தென்படவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஒற்றுமை குண்டானவர்களிடம் மட்டும் காணப்பட்டதல்ல, ஒல்லியானவர்களிடமும் அப்படியே இருந்தது. ஒல்லியாக இருப்பதும் குடும்பச் சொத்துதான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இங்கே எடை என்று நான் சொல்வது பெரும்பாலும் பிஎம்ஐ என்ற அளவை. எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் அது. 1.7 மீட்டர் உயரமுள்ள சித்தப்பாவின் 80 கிலோவை இப்படி வகுத்தால் 27.7 வரும். உயரமானவருக்கு இயல்பாகவே எடை கூடுதலாக இருக்கும் என்பதால் இப்படி ஒரு சரிக்கட்டல்.

தத்துப்பிள்ளைகளுக்கு அடுத்த சாட்சி இரட்டையர்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் ஒருகரு இரட்டையர். இவர்களின் டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டு தனிக் கருக்களாகப் பிறந்த இருகரு இரட்டையர், கூடப் பிறந்த மற்றவர்களைப் போலத்தான், சராசரியாகப் பாதி டிஎன்ஏவில் ஒத்துப்போவார்கள். ஸ்வீடனில், சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒருகரு இரட்டையர் 93 ஜோடிகளை அதே ஸ்டங்கார்ட் குழு ஆராய்ந்து 1990இல் வெளியிட்டது. ஒற்றுமையே இல்லாவிட்டால் 0, அச்சு அசலாக ஒத்துப்போனால் 1 என்று ஓர் அளவுகோல் வைத்தால், பிரிந்து வளர்ந்த ஆண்களிடம் பிஎம்ஐ ஒற்றுமை 0.70, பெண்களிடம் 0.66. தறி வேறு, சேலை கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

அப்போ வீடு ஒன்றுமே செய்வதில்லையா? அவசரப்பட வேண்டாம். சின்னக் குழந்தைகளிடம் வீட்டின் பாதிப்பு நன்றாகவே தெரிகிறது. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் தட்டில் தாங்களே போட்டுக்கொள்ளும் வயது வரும்போது அது மங்கி, மரபணுவின் கை ஓங்குகிறது. தத்தெடுத்த வீடுகளைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவை ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், தத்தெடுக்கத் தகுதியானவை என்று தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது: ஒரே மாதிரியான சூழலில் வாழும் பெரியவர்களிடையே, யார் ஒல்லி யார் பருமன் என்ற வேறுபாட்டில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிரிந்து வளர்ந்தாலும் அது தெரிகிறது.

## அண்ணன் ஒல்லி, தம்பி குண்டு

இரண்டாவது கட்சியின் சாட்சிக்கு வருவோம். நமக்கு ஒவ்வொரு நிறப்புரியும் இரண்டு பிரதி உண்டு, மொத்தம் 23 ஜோடி. நிறப்புரி என்பது டிஎன்ஏ இழை சுற்றி வைக்கப்பட்ட மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றைத்தான் அப்பா கொடுக்கிறார். எது போகும் என்பது குருட்டாம்போக்கு. இந்தத் தேர்வு மட்டுமே சுமார் 84 லட்சம் விதமாக நடக்கலாம். அம்மா பக்கமும் அதே 84 லட்சம். போதாததற்கு, கொடுப்பதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன.

சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போடுவதுதான் இது. ஒரே கட்டிலிருந்துதான் அண்ணனுக்கும் தம்பிக்கும் சீட்டு விழுகிறது, ஆனால் கையில் வருவது வேறு வேறு. ஆக, கூடப் பிறந்தவர்களிடையே வேறுபாடு இருப்பது பரம்பரைக்கு எதிரான சாட்சி ஆகாது. பரம்பரை என்பதே அப்படித்தான் வேலை செய்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அப்பாவின் அச்சாகவே இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

ஆனாலும் கட்டு எந்தக் கட்டு என்பது முக்கியம். பெற்றோரில் ஒருவருக்கு உடல்பருமன் இருந்தால், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை வளர்ந்தபின் உடல்பருமன் அடையும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் தாய்மார்களுக்கு நிம்மதி தரும் ஒரு விஷயமும் உண்டு. பெற்றோருக்கு உடல்பருமன் இல்லாதபோது, மூன்று வயதுக்குள் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை பெரியவனானதும் குண்டாகும் ஆபத்து குறைவுதான்.

## எடையைக் கடத்த முடியாது, அப்போ எதைக் கடத்துகிறோம்?

எனக்குப் பிடித்த பகுதி இது. பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தீரும்.

மரபணு என்பது புரதம் செய்யும் குறிப்பு என்றோம். "80 கிலோ" என்று எழுதிய குறிப்பு எதுவும் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. கொழுப்பு வெளியிலிருந்து சாப்பாடாக வந்து சேர வேண்டிய பொருள். அப்படியானால் மரபணு எங்கே நுழைகிறது?

கனடாவில் குளோட் பூஷார் என்பவர் நடத்திய ஒரு பரிசோதனையை 1990இல் வெளியிட்டார். இளைஞர்களான ஒருகரு இரட்டையர் 12 ஜோடி. நூறு நாள் காலத்தில் 84 நாட்கள், உடம்புக்குத் தேவையானதைவிடத் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். யாரும் திருட்டுத்தனமாகச் சாப்பிடவோ பட்டினி கிடக்கவோ முடியாதபடி கண்காணிப்பு. எல்லோருக்கும் ஒரே கூடுதல். முடிவில் சராசரியாக 8.1 கிலோ ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோதான், இன்னொருவருக்கு 13.3 கிலோ! "நான் தண்ணி குடிச்சாலும் ஒட்டுது, அவன் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்ட மாட்டேங்குது" என்ற புலம்பலில் தண்ணீரை விட்டுவிட்டால் மீதி உண்மைதான். ஜோடிக்கு ஜோடி ஏற்றத்தில் இருந்த வேறுபாடு, ஒரே ஜோடிக்குள் இருந்ததைப் போல மூன்று மடங்கு. அண்ணனுக்கு நிறைய ஏறினால் தம்பிக்கும் நிறைய ஏறியது. எந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது என்பதிலும், முக்கியமாக வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில், ஜோடிகள் ஒத்துப்போனார்கள்.

கூடுதலாக வந்த கலோரி எங்கேதான் போகிறது? அமெரிக்காவில் 1999இல் 16 பேருக்கு எட்டு வாரம் இதேபோல 1,000 கலோரி கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு ஏறியது ஒருவருக்கு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. கொழுப்பு ஏறாதவர்கள் ஜிம்முக்கு ஓடவில்லை. நிமிர்ந்து உட்கார்வது, காலாட்டுவது, எழுந்து நடமாடுவது போன்ற சில்லறை அசைவுகள் அவர்களிடம் தாமாகவே கூடியிருந்தன. "ஒரு இடத்தில் உட்கார மாட்டியா?" என்று வீட்டில் திட்டு வாங்கும் ஆட்களை இனி கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

இன்னும் பெரிய விஷயம் பசி. எங்கள் வீட்டில் ஒரு இனிப்பு டப்பா இருந்தால், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது, உள்ளே எத்தனை துண்டு மிச்சம் என்பது எனக்கு எப்போதும் தெரியும். பக்கத்து அறையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் மனதின் ஒரு ஓரத்தில் அந்த டப்பா உட்கார்ந்திருக்கும். அண்ணன் அப்படியில்லை. பாதித் துண்டைக் கடித்துவிட்டு, யாராவது கூப்பிட்டால் மீதியை வைத்துவிட்டுப் போய்விடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து கேட்பதும் இல்லை. ரொம்ப நாள் அதை மன உறுதி என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன். அண்ணன் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை. எனக்குள் கேட்கிற கூப்பாடு அண்ணனுக்குள் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

எடையோடு தொடர்புடையவை என்று இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மரபணுக்களில் பெரும்பகுதி வேலை செய்வது வயிற்றிலோ தசையிலோ இல்லை, மூளையில். எவ்வளவு சீக்கிரம் பசிக்கிறது, எந்த இடத்தில் போதும் என்று தோன்றுகிறது, சாப்பாட்டைப் பார்த்தால் எவ்வளவு இழுக்கிறது, இவற்றைத்தான் அவை திருகுகின்றன. "எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ" என்ற புகழ்பெற்ற விளக்கம் பெரும்பாலும் இங்கே அடிபட்டுப் போகிறது. பெரிய உடம்பு சும்மா இருக்கும்போதும் சின்ன உடம்பைவிடக் கூடுதலாகத்தான் எரிக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், குடும்பத்தில் கை மாறுவது கிலோக்கணக்கு அல்ல. சாப்பாட்டைக் கண்டால் இந்த உடம்பும் மூளையும் எப்படி நடந்துகொள்ளும் என்கிற சுபாவம்தான் கை மாறுகிறது.

## ஒரே மரபணுவும் ஓராயிரம் மரபணுவும்

மரபணு பசியைத் திருகும் என்பதற்குச் சந்தேகமில்லாத சாட்சி ஓர் எலி. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஒரு வகைக் குண்டு எலி தற்செயலாகப் பிறந்தது. சாப்பிடுவதை நிறுத்தவே நிறுத்தாது. ஏன் என்று தெரிய 45 வருஷம் ஆனது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு காரணமான மரபணுவைப் பிடித்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனுக்கான குறிப்பு அது. ரத்தத்தில் போகும் லெப்டின், மூளையின் அடியில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்கு "கையிருப்பு இவ்வளவு இருக்கிறது" என்று தகவல் சொல்கிறது. அந்த எலியிடம் தகவல் சொல்ல ஆளில்லை. உடம்பு முழுக்கக் கொழுப்பு இருந்தும் மூளை பட்டினி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

1997இல் மனிதரிலும் இதைக் கண்டார்கள். லெப்டின் சுரக்காத இரண்டு குழந்தைகள், ஒரே குடும்பம், அடங்காத பசி. லெப்டினை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கி எடை இறங்கியது. அதுவரை "கட்டுப்பாடு இல்லாத பிள்ளை" என்று யாரும் சொல்லியிருக்கலாம். காணாமல் போயிருந்தது ஒரு ஹார்மோன்.

இந்தக் குறைபாடு மிக மிக அரிது. கொஞ்சம் பரவலாக இருப்பது எம்சி4ஆர் என்ற மரபணுவின் பழுது. சின்ன வயதிலேயே கடுமையான உடல்பருமன் வந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் வரை இதற்குள் வருவார்கள். ஒரே மரபணு பழுதாகி வரும் கதைகள் இத்துடன் ஏறக்குறைய முடிந்துவிடும். நம்மில் பெரும்பாலோரின் கதை வேறு.

நம்மிடம் பழுது எதுவும் இல்லை. எழுத்து வேறுபாடுகள்தான் இருக்கின்றன. டிஎன்ஏ குறிப்பில் ஓர் இடத்தில் உங்களுக்கு ஓர் எழுத்து, எனக்கு இன்னோர் எழுத்து. 2007இல் எஃப்டிஓ என்ற மரபணுவில் இருக்கும் இப்படி ஓர் இடம் பெயர் பெற்றது. ஆராயப்பட்ட ஐரோப்பிய வம்சாவளியினரில் 16 சதவீதம் பேருக்கு எடை கூட்டும் எழுத்து அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தது. இருவரிடமிருந்தும் வராதவர்களைவிட இவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல். "குண்டு மரபணு கண்டுபிடிப்பு" என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. மூன்று கிலோ! அதுவும் இரண்டு பிரதி இருந்தால். இதுதான் பரவலாகக் காணப்படும் வேறுபாடுகளில் மிகப் பலமானது என்றால் மற்றவை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2018இல் சுமார் 7 லட்சம் பேரை வைத்துப் பார்த்தபோது இப்படி 941 இடங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் கூட்டினாலும் பிஎம்ஐ வேறுபாட்டில் 6 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. மீதி இன்னும் சின்னச் சின்னதாக, ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

"என்னிடம் குண்டு மரபணு இருக்கிறதா?" என்ற கேள்வியே பொருந்தாமல் போவது இதனால்தான். எல்லோரிடமும் கூட்டுவதும் இருக்கிறது, குறைப்பதும் இருக்கிறது. நிகரக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

## 70 சதவீதம், ஆனால் எதில்?

சரி, சித்தப்பாவின் கணக்குக்கு வருவோம்.

ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. 30 பேர் பாடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மைக், ஒரே ஸ்பீக்கர், ஒரே வால்யூம். கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொருவரின் சத்தத்தையும் கருவியில் அளக்கிறார். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் கம்மி. இந்த வேறுபாடு எதனால்? மைக் எல்லோருக்கும் ஒன்று, ஆகவே முழுக்க முழுக்கத் தொண்டையால். 100 சதவீதம் தொண்டை! அதனால் மைக்குக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடுமா? ஒயரைப் பிடுங்கினால் கடைசி வரிசைக்கு ஒருவர் பாட்டும் கேட்காது.

அடுத்த நாள் அதே 30 பேர். ஆனால் சிலருக்கு நல்ல மைக், சிலருக்குக் கரகரக்கிற மைக். இப்போது அளந்தால் வேறுபாட்டில் பாதி மைக்கால் வந்ததாக இருக்கலாம். தொண்டையின் பங்கு 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. யாருடைய தொண்டையும் மாறவில்லை. மாறியது மைக்குகள்.

மூன்றாம் நாள் மறுபடியும் எல்லோருக்கும் ஒரே மைக், ஆனால் வால்யூமைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டார்கள். எல்லோர் சத்தமும் கூடிவிட்டது. முதல் நாள் அதிகச் சத்தம் போட்டவர் இன்றும் அதிகம்தான். வேறுபாட்டில் தொண்டையின் பங்கு மறுபடியும் 100 சதவீதம். ஆனால் முதல் நாளைவிட மூன்றாம் நாள் காது வலித்ததற்குக் காரணம் யாருடைய தொண்டையும் இல்லை.

விஞ்ஞானிகள் ஹெரிடபிலிட்டி என்பது இந்தத் தொண்டையின் பங்கைத்தான். தமிழில் மரபுவழிப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வந்தது என்று சொல்லும் எண் அது. பிஎம்ஐக்கு இரட்டையர் ஆய்வுகளில் இது பொதுவாக 40லிருந்து 70 சதவீதம் வரை, சில ஆய்வுகளில் அதற்கும் மேலே. வயது, நாடு, காலம் மாறினால் எண்ணும் மாறும். டென்மார்க் தத்து வீடுகள் ஒன்றுபோல இருந்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அது ஒரே மைக் கொடுத்தது போல. வீட்டின் பங்கு தென்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக இந்த எண் கூட்டத்துக்கு உரியது, தனி ஆளுக்கு உரியதல்ல. ஒரு தனி மனிதரின் எடையில் எவ்வளவு மரபணு, எவ்வளவு சாப்பாடு என்று கேட்பது, இரண்டு கை தட்டி வந்த ஓசையில் வலது கைக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பது மாதிரி. 56 கிலோவும் 24 கிலோவும் அங்கேயே அடிபட்டுப் போகின்றன.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மரபுவழிப் பங்கு என்பது மனிதர்களுக்கு நடுவிலுள்ள வேறுபாட்டைப் பற்றிய எண். அது எவ்வளவு அதிகமாக இருந்தாலும், வால்யூமைத் திருகினால் எல்லோரும் மாறுவார்கள்.

## வால்யூம் ஏறிய கதை

1990க்கும் 2022க்கும் நடுவே உலகில் பெரியவர்களின் உடல்பருமன் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. 2022 நிலவரப்படி உலகில் எட்டுப் பேரில் ஒருவருக்கு உடல்பருமன் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முப்பது வருஷத்தில் மனித இனத்தின் மரபணு மாற வழியே இல்லை. ஒரு தலைமுறை முழுசாக மாறுவதற்குள் காலம் முடிந்துவிடும். மாறியது சாப்பாடு, வேலை, நடை, தூக்கம். "பரம்பரை என்றால் ஏன் முன்பெல்லாம் இவ்வளவு பேர் குண்டாக இல்லை?" என்று கேட்பவருக்கு மூன்றாம் நாள் பாட்டுப் போட்டிதான் பதில்.

இதை நேரடியாகக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கி, தலைமுறைகளாகத் தொடரும் இதய ஆய்வின் தகவல்களை எடுத்து, நாம் பார்த்த அந்த எஃப்டிஓ எழுத்தை ஆராய்ந்தார்கள். 1942க்குப் பிறகு பிறந்தவர்களிடம் அந்த எழுத்துக்கும் எடைக்கும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் தொடர்பே தென்படவில்லை. எழுத்து அதே எழுத்து. முந்தின தலைமுறையின் காலத்தில் ஒயர் சொருகப்படவில்லை, அவ்வளவுதான்.

இடம் மாறினாலும் இதே கதை. பீமா என்ற பழங்குடியினர் ஒரு பகுதி அமெரிக்காவின் அரிசோனாவிலும், இன்னொரு பகுதி மெக்சிகோவின் மலைப்பகுதியிலும் வாழ்கிறார்கள். மரபணு வழியில் நெருங்கிய உறவினர். மலையில் உடலுழைப்போடு வாழ்பவர்களைவிட அரிசோனாவில் வாழ்பவர்களிடம் உடல்பருமனும் சர்க்கரை நோயும் பல மடங்கு அதிகம்.

சின்ன அளவிலும் திருகலாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தகவல்களைச் சேர்த்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எஃப்டிஓ எழுத்தால் கூடும் உடல்பருமன் வாய்ப்பு, உடற்பயிற்சி செய்பவர்களிடம் சுமார் 27 சதவீதம் மட்டுப்பட்டிருந்தது. எழுத்து அழியவில்லை, குரல் கொஞ்சம் தணிந்தது.

## கருப்பையில் எழுதப்படும் குறிப்பு

ஒன்றை இடையில் சொல்லிவிட்டுப் போகிறேன். பிறக்கும்போதே இருப்பதெல்லாம் மரபணு என்று அர்த்தமில்லை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் ஒரு பகுதியில் கடும் பஞ்சம். அப்போது கருவில் இருந்து, பின்னர் 19 வயதில் ராணுவத்துக்காகப் பரிசோதிக்கப்பட்ட ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து 1976இல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் முதல் பாதி பஞ்சத்தில் சிக்கியிருந்தால் உடல்பருமன் அதிகம். கடைசி மாதங்களும் பிறந்த உடனே வந்த மாதங்களும் சிக்கியிருந்தால் குறைவு. குடும்பத்திலிருந்து வந்ததுதான், ஆனால் மரபணுவால் வந்ததில்லை.

## எச்சிலைக் கொடுத்தால் எடையைச் சொல்வார்களா?

இதையெல்லாம் விளக்கியபோது சித்தப்பா கேட்ட கேள்வி இது. சின்னச் சின்ன எழுத்து வேறுபாடுகளையெல்லாம் கூட்டி ஒரு மரபணு மதிப்பெண் போட முடியும். 2019இல் 21 லட்சம் இடங்களைக் கூட்டி அப்படி ஒன்றைப் போட்டார்கள். மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும் கீழே உள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும், நடுவயதில் சராசரியாக 13 கிலோ வித்தியாசம். பிறந்த அன்று இரு தரப்புக்கும் எடையில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. வளர வளரத்தான் இடைவெளி விரிகிறது. ஒவ்வொரு நாளும் தட்டின் முன் உட்காரும்போது நடக்கும் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து சேர்ந்து 13 கிலோ ஆகின்றன.

ஆனால் இதுவும் கூட்டத்தின் சராசரிதான். உச்ச மதிப்பெண் வாங்கியவர்களிலும் சாதாரண எடையில் இருப்பவர்கள் உண்டு, அடிமட்டத்தில் இருப்பவர்களிலும் குண்டானவர்கள் உண்டு. சித்தப்பாவுக்கு வயது 58. அவருடைய மரபணுவும் வீடும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை எச்சிலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எடை மெஷினில் ஏறினால் தெரிந்துவிடும். அப்படித்தான் அவரிடம் சொன்னேன்.

"அப்போ எங்கப்பா கொடுத்த 56 கிலோ?"

"அது உங்க உடம்போட கணக்கு இல்ல சித்தப்பா. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம், அதுல எவ்வளவு மரபணுவால வந்துச்சுங்கிற கணக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, அந்த இனிப்பு டப்பா எங்கே என்று கேட்டார். அண்ணனுக்குத் தெரியவில்லை. மேல் அலமாரியில், இடது பக்கம், உள்ளே நான்கு துண்டு என்றேன் நான்.